கதவு திறந்திருக்கும் நேரம்

குளிர் வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் முதல் திட்டு சாலைக்கு, அடுத்த திட்டு டிரைவருக்கு. நான் இந்த இரண்டுக்கும் நடுவில், வண்டிகளை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் மேசையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஆள். "வண்டி எங்கேங்க?" என்ற கேள்வி காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை ஓயாது. கேட்பவர் மனதில் நெரிசலில் சிக்கிய வண்டி ஒன்று இருக்கும். பல நாள் அந்த வண்டி நெரிசலையே பார்த்திருக்காது. அவருக்கு முந்தைய வாடிக்கையாளரின் கேட்டுக்கு வெளியே, இன்ஜினை அணைத்துவிட்டு, குளிர் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருக்க, டாக், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் மேடை, எப்போது காலியாகும் என்று பார்த்தபடி நிற்கும்.

இத்தனை வருடம் இந்த மேசையில் இருந்து எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: குளிர் சரக்கின் தாமதம் பெரும்பாலும் வண்டி ஓடும்போது வருவதில்லை, நிற்கும்போது வருகிறது. நிற்கிற இடமும் இரண்டுதான். ஏற்றும் இடத்துக் கதவு, இறக்கும் இடத்துக் கதவு. சரக்கு சூடேறுவதும் அதே இரண்டு இடங்களில்தான். ஆனால் எங்கள் தொழிலில் நேரத்தைப் பார்க்க ஓர் ஆள், வெப்பநிலையைப் பார்க்க வேறோர் ஆள். முன்னவர் போக்குவரத்துப் பிரிவு, பின்னவர் தரக்கட்டுப்பாடு. இருவர் கையிலும் தனித்தனித் தாள். மாதக் கடைசிக் கூட்டத்தில்தான் இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வரும், அதற்குள் சண்டையும் ஆரம்பித்துவிடும்.

தடுப்பூசிக்காரர்கள் இதை முன்பே புரிந்துகொண்டவர்கள். 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் வெளிர் நிறச் சதுரமும் வர ஆரம்பித்தன. வெப்பம் படப் படச் சதுரம் கறுக்கும். அதிக வெப்பத்தில் சீக்கிரம், குறைந்த வெப்பத்தில் மெதுவாக. சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எத்தனை டிகிரி என்று அது சொல்லாது, எத்தனை மணி நேரம் என்றும் சொல்லாது. இரண்டும் சேர்ந்து செய்த வேலையை மட்டும் காட்டும். எங்களுக்கு வேண்டிய கணக்கும் அதுதான். (உறைந்து போனதை அது காட்டாது என்பது வேறு விஷயம். ஹெபடைடிஸ் பி போன்ற சில தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டே போகும். 2 முதல் 8 டிகிரி என்றால் எல்லோரும் 8-ஐயே பார்க்கிறார்கள். 2 என்று ஒன்று எழுதியிருப்பதும் காரணத்தோடுதான்.)

சரி, என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

ஜிபிஎஸ் திரையில் தெரிவது வண்டி இருக்கும் இடம் மட்டும். வண்டி ஏன் அங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இந்த நேரங்களை எழுதச் சொன்னோம்: கேட்டுக்கு வந்தது, டாக்கில் பின்பக்கம் ஒட்டியது, கதவு திறந்தது, கடைசி பாலெட் (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டு) இறங்கியது, கதவு மூடியது, கையெழுத்து கிடைத்தது, கேட்டைத் தாண்டியது. முதலில் டிரைவர்கள் முனகினார்கள். "இது எங்களைப் பிடிக்கவா, உங்களைக் காப்பாத்தவா?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் ஒரு மாதத்துக்குள் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. தாளைப் பார்த்தால் டிரைவரின் கையில் இருந்த நேரம் மிகக் கொஞ்சம். பெரிய இடைவெளி இரண்டே இடத்தில். ஒன்று, கேட்டுக்கு வந்ததற்கும் டாக்கில் ஒட்டியதற்கும் நடுவில். இன்னொன்று, கடைசி பாலெட் இறங்கியதற்கும் கையெழுத்துக்கும் நடுவில். முதலாவது வரிசை, இரண்டாவது தகராறு.

வரிசையை எடுத்துக்கொள்வோம். இறக்கும் கதவு ஒன்று இருக்கிறது. வண்டிகள் தோன்றிய நேரத்துக்கு வருகின்றன. இறக்கும் நேரமும் வண்டிக்கு வண்டி மாறுகிறது, சராசரி அரை மணி என்று வையுங்கள். அந்தக் கதவு நாளில் பாதி நேரம் மட்டுமே வேலையில் இருந்தால், வருகிற வண்டி சராசரியாக அரை மணி காத்திருக்கும். 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் காத்திருப்பு 2 மணி நேரம். 90 சதவீதம் என்றால் நாலரை மணி நேரம். பத்து சதவீதம்தானே கூடியது என்று நினைப்போம், காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. இந்த மாதிரி வரிசைக் கணக்கு தொலைபேசி இணைப்புக்காகப் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதக்காரர் 1909-இல் இதை எழுத ஆரம்பித்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பல கிடங்கு மேலாளர்களின் காதுக்கு இது போய்ச் சேரவில்லை. "எங்க டாக் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது" என்று பெருமையாகச் சொல்பவரைப் பார்த்தால் எனக்கு அவருடைய கேட்டுக்கு வெளியே நிற்கும் வண்டிகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

கதவைக் கொஞ்சம் சும்மா விட்டால்தான் வண்டி நேரத்துக்குள் நுழையும். கூடுதல் கதவு போட எல்லோராலும் முடியாது. ஆனால் வருகையை ஒழுங்குபடுத்த முடியும். மேலே சொன்ன கணக்கு மோசமாவதற்குக் காரணமே வண்டிகள் தோன்றிய நேரத்துக்கு வருவதும், இறக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவதும். நேரம் குறித்துக் கொடுத்து, பாலெட்டில் வருகிற லோடுக்கு ஒரு நீளம், கையால் இறக்கும் உதிரிப் பெட்டிகளுக்கு வேறு நீளம் என்று இடைவெளி விட்டால், அதே கதவு, அதே ஆட்கள், அதே எண்ணிக்கை வண்டிகள், ஆனால் வரிசை சுருங்கிவிடும். இதில் டிரைவர்களிடம் புரியவைக்கச் சிரமப்பட்ட ஒன்று: சீக்கிரம் வருவதும் குற்றம்தான். ஒன்பதரைக்கு வர வேண்டியவர் எட்டே முக்காலுக்கு வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றால், ஒன்பது மணிக்காரர் உள்ளே நுழைய முடியாது. சீக்கிரம் வந்தவரோ நேரத்துக்கு முன்னால் வந்த நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது எங்கள் பக்கத்துக் கதவு. ஏற்றும் இடத்தை நான் அதிகம் கவனிக்கக் காரணம் உண்டு. அங்கே நடப்பது எல்லாம் நம் கையில் இருக்கிறது, சாலை இல்லை.

வண்டியின் முன் உச்சியில் இருக்கும் குளிர் இயந்திரத்தை ஃபிரிட்ஜ் மாதிரி நினைப்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். சூடாக இருக்கும் சரக்கைக் குளிர வைக்க அது செய்யப்படவில்லை. ஏற்கெனவே குளிர்ந்ததை அப்படியே வைத்திருக்க மட்டும்தான் அதற்குத் தெம்பு. அதனால் வண்டியின் சரக்கு அறையை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு ஏற்ற வேண்டும், சரக்கும் சரியான குளிரில் கிடங்கை விட்டு வெளியே வர வேண்டும். மைனஸ் 18-இல் போக வேண்டிய சரக்கு மைனஸ் 12-இல் ஏறினால் வழியெல்லாம் இயந்திரம் முழு மூச்சாக ஓடும், போய்ச் சேரும்போதும் பெட்டியின் நடுவில் இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஏறியபடியேதான் இருக்கும்.

கதவைத் திறந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதை முதல் தடவை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். கதவு திறந்திருக்கும்போதுதானே குளிர் அதிகம் வேண்டும் என்பார்கள். நடப்பது தலைகீழ். விசிறி ஓடினால் வெளியில் இருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுத்துக் குளிர்ச் சுருளின் மேல் அடிக்கும். ஈரம் அங்கே பனியாகப் படியும். பனி அடைத்துக்கொண்டால் காற்று போகாது. அப்புறம் இயந்திரம் தானாகவே பனி உருக்கும் நிலைக்குப் போகும், சுருளைச் சூடாக்கும், அது முடியும் வரை உள்ளே குளிர்க் காற்று வராது. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் வெப்பநிலை அலாரம் அடிக்கும், டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வார். அந்த அலாரம் டாக்கில், கதவைத் திறந்து போட்டபடி யாரோ கையெழுத்துக்கு அலைந்தபோதே தயாராகிவிட்ட அலாரம்.

காற்றின் வழியும் அப்படித்தான். முன்பக்க உச்சியிலிருந்து வரும் குளிர்க் காற்று கூரையை ஒட்டிப் பின்கதவு வரை போய், சரக்கின் பக்கவாட்டிலும் அடியிலும் இறங்கி, முன்சுவரின் கீழ்ப்பகுதி வழியாக இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். உள்சுவரில் ஒரு கோடு போட்டிருக்கும், அதற்கு மேல் அடுக்கக் கூடாது. "இன்னும் நாலு பெட்டி ஏறும்ணே" என்று ஏற்றுகிறவர் சொல்வது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் இடத்தைத்தான். அந்த நாலு பெட்டி கூரையை அடைத்துவிட்டால் பின்கதவு ஓரம் இருக்கும் பாலெட்டுக்குக் காற்றே போகாது. முதலில் இறங்கப் போவதும் அந்தப் பாலெட்தான். முதல் வாடிக்கையாளரே திருப்பி அனுப்பினால் அன்றைய ஓட்டம் முழுக்க முடம்.

பழம், கீரைக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உறைந்த சரக்கைச் சுற்றிலும் காற்று போனால் போதும். பழமும் கீரையும் வண்டிக்குள்ளும் மூச்சு விடுகின்றன, வெப்பத்தை வெளியிடுகின்றன, அதனால் அடுக்கின் நடுவிலும் காற்று போக வேண்டும். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் சாம்பல் பூத்துவிடும், 3 டிகிரியில் போகும் பால் பொருட்களோடு அதை ஒரே அறையில் போட முடியாது. நடுவில் தடுப்பு போட்ட வண்டி இருந்தால் சரி. இல்லையென்றால் இரண்டு வண்டி. "ஒரே ரூட்தானே, சேர்த்துப் போட்டுடுங்க" என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பொறுமை கொஞ்சம் குறைவு.

இப்போது எனக்கும் விற்பனைப் பிரிவுக்கும் நடுவில் தீராமல் இருக்கும் வழக்குக்கு வருகிறேன். ஆர்டர் எடுக்கும் கடைசி நேரம்.

பல இடங்களில் இறக்கும் வண்டியில், கடைசியாக இறங்க வேண்டியது முதலில் ஏறும். முதலில் இறங்க வேண்டியது கதவோரம் இருக்கும். ஏற்றி முடித்த பிறகு ஒரு போன் வரும்: "அந்தக் கஸ்டமர் ரொம்ப அவசரம்னு சொல்றார், அவரை முதல்ல வச்சுக்கோங்க." சொல்பவருக்கு அது பட்டியலில் ஒரு பெயரை மேலே நகர்த்துவது. வண்டியில் அது, முன்சுவர் ஓரம் இருக்கும் பாலெட்டை எடுக்க அதற்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றுவது. அதுவும் எங்கள் குளிர் டாக்கில் இல்லை, வாடிக்கையாளரின் வாசலில், வெயிலில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு. அந்த ஒருவருக்கு மிச்சப்படும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு மற்றவர்களுக்குப் போகும். எல்லோருடைய சரக்கும் சேர்ந்து சூடேறும்.

கடைசி நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்தோம். அதற்குப் பிறகு வந்தால் அடுத்த வண்டி, மேலிடத்து ஆள் சொன்னாலும் சரி. ஆர்டர் போய்விடும் என்று விற்பனைப் பிரிவு பயந்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் பழகிக்கொண்டார்கள். கடைசி நேரம் இளகும் என்று தெரிந்தவர்கள்தான் கடைசி நேரத்தில் கேட்பார்கள். நான் சொல்லக்கூடிய ஒரே ஒரு சீர்திருத்தம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். மென்பொருள் வாங்குவதற்கு முன், புது வண்டி வாங்குவதற்கு முன், இதை.

வழித்தடத் திட்டத்திலும் கணக்கு ஒன்று உதவியது. ஒவ்வொரு நிறுத்தமும் முன்னே பின்னே பத்து நிமிடம் ஆடும் என்று வையுங்கள். ஒன்பது நிறுத்தத்துக்குப் பிறகு ஆட்டம் தொண்ணூறு நிமிடமாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரு இடத்தில் கூடியது இன்னொரு இடத்தில் குறையும். ஒன்றை ஒன்று பாதிக்காத ஆட்டங்கள் வர்க்கமூலக் கணக்கில்தான் கூடும்: நாலாவது நிறுத்தத்தில் 20 நிமிடம், ஒன்பதாவதில் 30. அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு நேர இடைவெளியை வாக்களிப்பது அபத்தம். முதல் ஆளுக்குக் குறுகலாகக் கொடுக்கலாம், கடைசி ஆளுக்கு அகலமாகத்தான் கொடுக்க முடியும். யாருக்குக் குறுகிய நேரம் அவசியமோ, உதாரணமாகக் காலையில் கதவு திறந்தவுடன் சரக்கு வேண்டியவர், அவரை முன்னால் வைக்க வேண்டும்.

ஆனால் கிளம்பும் தாமதம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. கேட்டிலிருந்து நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் அந்த நாற்பதும் ஒன்பது இடத்துக்கும் சிந்தாமல் போய்ச் சேரும். ஆகவே, முதல் வண்டி கேட்டைத் தாண்டும் நேரத்தை மட்டும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். வேறு எந்த எண்ணையும் அந்தப் பலகையில் எழுத நான் விடுவதில்லை.

வாடிக்கையாளருக்கும் வேகத்தைவிட நிச்சயம்தான் வேண்டும். தினமும் 10:20-க்கு வரும் வண்டிக்கு ஆளை வைத்துக்கொண்டு தயாராக இருக்கலாம். சராசரியாகப் பத்து மணிக்கு வரும், அதாவது ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பதினொன்று என்று வரும் வண்டிக்கு யாராலும் தயாராக இருக்க முடியாது. அப்போது சரக்கை இறக்க ஆள் தேடுவார்கள், வண்டி நிற்கும், அடுத்தவருக்குத் தாமதம். எங்கள் ஒழுங்கின்மைதான் சுற்றி எங்களிடமே திரும்பி வருகிறது. இப்போது ஒரு இடத்தில் கதவு மூடியவுடன் அடுத்த இடத்துக்குத் தகவல் போகிறது. வரைபடத்தில் வண்டி கிட்டே வந்துவிட்டதா என்று பார்த்து அனுப்பியதைவிட இது சரியாக இருக்கிறது. கதவு மூடிய பிறகு மிஞ்சியிருப்பது சாலை மட்டும்தானே, சாலை ஓரளவு சொன்ன சொல் கேட்கும்.

கையெழுத்துத் தகராறு என்றேனே, அது பெரும்பாலும் தெர்மாமீட்டர் தகராறு. வண்டித் திரையில் காட்டுவது இயந்திரத்துக்குத் திரும்பும் காற்றின் வெப்பநிலை. வாங்குகிறவர் அகச்சிவப்புத் துப்பாக்கியை அட்டைப்பெட்டியின் மேல் நீட்டுவார். அது காட்டுவது அட்டையின் மேற்பரப்பு. கதவு திறந்து ஐந்து நிமிடம் ஆனால் அட்டை சூடாகத்தான் இருக்கும், உள்ளே சரக்கு கல் மாதிரி உறைந்திருந்தாலும். இரண்டு பேரும் அவரவர் எண்ணைக் காட்டிச் சண்டை போடுவார்கள், அந்தச் சண்டை நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். எப்படி அளப்பது என்று முன்கூட்டியே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்: இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தட்டையான உணரியைச் செருகி, எண் நிலைக்கும் வரை காத்திருந்து படிப்பது, கதவோரம் ஒன்று, நடுவில் ஒன்று. சந்தேகம் வந்தால் பாலெட்டுக்குள் போகும் பதிவுக் கருவியைத் திறந்து பார்ப்பது. பனி உருக்கும் நேரத்தில் காற்றின் வெப்பநிலை கொஞ்சம் எழும்பி இறங்கும், அந்தக் கூம்பைச் சரக்கு சூடானதற்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

இயந்திரப் பராமரிப்பைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே சுருக்கமாக. டிரக்கில் பொருத்தும் குளிர் இயந்திரத்தை 1930-களின் கடைசியில் உருவாக்கியவர் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். சாலையின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய சவால். வண்டிக்கு அடியில் வைத்துப் பார்த்து, பிறகு முன்பக்க உச்சிக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் வழியில் நிற்க வைப்பவை ஏதோ பெரிய பழுது இல்லை. பேட்டரி, பெல்ட், அடைத்துக்கொண்ட வடிகால் குழாய், கிழிந்த கதவு ரப்பர். அப்புறம், பல வண்டிகளில் குளிர் இயந்திரத்துக்குத் தனி டீசல் டேங்க் உண்டு. வண்டியின் டேங்க்கை நிரப்பிவிட்டு அதை மறந்துபோவது எல்லா ஊர் டிஸ்பாட்ச் மேசைக்கும் பொதுவான நோய் என்று நினைக்கிறேன். கிளம்பும் முன் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை என்பதால், காலை ஷிஃப்ட் ஆள் ஒருவரைக் கால் மணி நேரம் முன்னால் வரச் சொல்லி அந்த வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறோம்.

அபராதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. தாமதத்துக்கு இவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் போட்டால், போக்குவரத்துக்காரர் அந்தத் தொகையை வாடகையில் சேர்த்துக் கேட்பார், அவ்வளவுதான். அதைவிட, நேரத் தாளை வாங்குகிறவர்களுக்கும் அப்படியே அனுப்ப ஆரம்பித்ததில் பலன் கிடைத்தது. குற்றம் சாட்டி ஒரு வரிகூட எழுதாமல், கேட்டுக்கு வந்தது இத்தனை மணி, டாக்கில் ஒட்டியது இத்தனை மணி என்று மட்டும். ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வந்த வண்டி எல்லாம் ஏன் அப்படியே நிற்கிறது என்று கேட்டார். அவர்களுடைய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போகிறார்கள் என்று சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து மாற்றி மாற்றிப் போகிறார்கள்.